இன்வெர்ட்டர் கம்பெனிக்கு வந்த போன்களை நான் எடுத்த காலம்

மாப்பிள்ளையூரணியில் வீடு கட்டிக் குடிபோன பிறகுதான் அந்த வீட்டுக்குள் என் செல்போனுக்கு டவர் கிடைக்காது என்பது தெரிந்தது. நிலைக்கதவு, சன்னல், சமையல் மேடை என்று எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் செய்தோம். இந்த ஒன்று மட்டும் தோன்றவில்லை. யாராவது கூப்பிட்டால் ‘ஹலோ ஹலோ’ என்று கத்திக்கொண்டே மாடிப்படி ஏற வேண்டும். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால்தான் பேச்சு தெளிவாகக் கேட்கும். நான் வேலை பார்ப்பது துறைமுகத்துக்குப் போகும் சாலையில் உள்ள ஒரு கப்பல் ஏஜென்சியில். லாரி எந்த வாசலில் நிற்கிறது, எந்தப் பேப்பர் குறைகிறது என்று காலையிலேயே டிரைவர்கள் கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். கல்லில் தோசையை ஊற்றிவிட்டு மாடிக்கு ஓடி, திரும்பி வருவதற்குள் அது கருகிப் போயிருக்கும்.

நம்பரை அப்படியே வைத்துக்கொண்டு வேறு கம்பெனிக்கு மாறலாம் என்று முயன்று பார்த்தேன். அந்த சிம் பல வருஷங்களுக்கு முன்பு என் தம்பி பெயரில் வாங்கியது. அவன் இப்போது வெளிநாட்டில் இருக்கிறான். அவனே நேரில் வந்து கைரேகை வைத்தால்தான் மாற்ற முடியும் என்றார்கள். அவன் வர இன்னும் ஒரு வருஷம் ஆகும் என்றேன். அப்படியென்றால் ஒரு வருஷம் கழித்து வாருங்கள் என்று அவர்கள் சிரிக்காமல் சொன்னார்கள்.

அதனால் எங்கள் வீட்டுக்குள் டவர் கிடைக்கும் வேறு கம்பெனியில் புது சிம் வாங்கினேன். கடை அண்ணாச்சி சில நம்பர்களைக் காட்டி, அதில் ஒன்றைத் தானே எடுத்துக் கொடுத்தார். ஒரே எண் அடுத்தடுத்து வரும் நம்பர். “இது ஃபேன்சி நம்பர்ம்மா. ஒரு தடவ கேட்டா யாரும் மறக்க மாட்டாவ” என்றார். அவர் சொன்னது உண்மைதான். யாரும் மறந்திருக்கவில்லை.

மறுநாள் காலையிலேயே முதல் போன் வந்தது. பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் எப்போது வருவான் என்று ஒருவர் கேட்டார். எந்த பேட்டரி என்று நான் கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. போன வாரம் சொன்னதை இந்த வாரம் எந்த பேட்டரி என்று கேட்கிறீர்களே என்றார். ராங் நம்பர் என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்று மத்தியானத்துக்குள் இன்னும் பல பேர் கூப்பிட்டார்கள். எல்லோருக்கும் வேண்டியது ஒரே இன்வெர்ட்டர் கம்பெனி. ஒருவர் வீட்டில் சிவப்பு விளக்கு எரிந்தது, இன்னொருவர் வீட்டில் விளக்கே எரியவில்லை. வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை என்று ஒரு அம்மா அழாத குறையாகச் சொன்னார்.

வாரம் போகப் போக இது நிற்கும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. கோடை வெயில் ஏறியதும் கரண்ட் அடிக்கடி போக ஆரம்பித்தது. கரண்ட் போகிற நேரமெல்லாம் என் போன் அடித்தது. காயல்பட்டினத்திலிருந்து ஒரு பெண் அடிக்கடி பேசுவார். அவ்வளவு மரியாதையாகப் பேசுவதால் அவரிடம் கோபப்படவும் முடியாது. நான் கம்பெனி இல்லை என்று அவருக்குப் புரிய வைத்துவிட்டேன். ஆனால் அவர் தன் கணவருக்குப் புரிய வைக்கவில்லை. ஜித்தாவில் வேலை பார்க்கும் அந்த மனிதர், தன் பிள்ளைகள் வியர்வையில் தூங்காமல் கிடக்கிறார்கள் என்று அங்கிருந்து வாட்ஸப்பில் என்னைக் கூப்பிட்டு, இப்படி ஏமாற்றுவது உங்களுக்கே நியாயமாகப் படுகிறதா என்று கேட்டார். நியாயமாகப் படவில்லை என்றுதான் நானும் சொன்னேன்.

என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஆப்பரேட்டர். ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து பகலில் தூங்குகிறவர். நான் வீட்டில் இருக்கும் விடுமுறை நாட்களில் என் போன் சத்தத்தில் அவர் எழுந்து உட்கார்ந்துவிடுவார். முதலில் எரிந்து விழுந்தார். பிறகு அவருக்கு அது வேடிக்கையாகிவிட்டது. “ஏளா, ஒன் கஸ்டமர் கூப்புடுதான் பாரு” என்று போனை நீட்டுவார்.

ஆழ்வார்திருநகரியிலிருந்து ஒரு ஆசிரியர் கூப்பிட்டார். அவர்தான் பொறுமையாக நின்று, இந்த நம்பர் எங்கிருந்து கிடைத்தது என்பதைச் சொன்னார். இன்வெர்ட்டரின் மேல் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கிறது, போனில் தேடினாலும் முதலில் வருகிறது என்றார். நானும் தேடிப் பார்த்தேன். கம்பெனி பெயரைப் போட்டு, தூத்துக்குடி என்று போட்டதும், மூடிய ஷட்டரின் படத்தோடு ஒரு சர்வீஸ் சென்டர் வந்தது. கீழே என் நம்பர். இந்த நம்பரை வைத்திருந்த டீலர் கடையை மூடிவிட்டுப் போயிருக்கிறார். கொஞ்ச காலம் சும்மா கிடந்த நம்பரை எனக்கு விற்றிருக்கிறார்கள்.

அதற்கும் கீழே ஜனங்கள் எழுதிய விமர்சனங்கள் இருந்தன. பழையவை எல்லாம் பேட்டரியைப் பற்றியவை. புதியவை என்னைப் பற்றியவை. ‘போனை எடுக்கும் பெண் பொறுப்பில்லாமல் பேசுகிறார்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ‘கம்பெனியே இல்லை என்று வாய் கூசாமல் சொல்கிறார்’ என்று இன்னொருவர். என் வீட்டுக்காரர் அதை வாசித்துவிட்டு, சாப்பிட்டுக்கொண்டிருந்த சோறு புரையேறும் அளவுக்குச் சிரித்தார். “ஒனக்கு ஒரு ஸ்டார்தான் போட்டிருக்காவ” என்றார்.

தவறான தகவலைத் திருத்தலாம் என்று அந்தப் பக்கத்திலேயே ஒரு வழி இருந்தது. கடை மூடிவிட்டது, நம்பர் தவறு என்று தட்டிவிட்டேன். உங்கள் உதவிக்கு நன்றி, பரிசீலிக்கிறோம் என்று பதில் வந்தது. சில நாள் கழித்து, உங்கள் திருத்தத்தைச் சரிபார்க்க முடியவில்லை என்று வந்தது. எப்படிச் சரிபார்த்தார்கள் என்று தெரியவில்லை. எனக்கு யாரும் போன் செய்யவில்லை. என்னிடம் கேட்காமல் இருந்தவர்கள் அவர்கள் மட்டும்தான்.

பிறகு கம்பெனியின் கட்டணமில்லா நம்பருக்கே கூப்பிட்டேன். தமிழில் பேச ஒரு எண்ணை அழுத்தச் சொன்னார்கள், அழுத்தினேன். புகாருக்கு ஒரு எண், அழுத்தினேன். உங்கள் இன்வெர்ட்டரின் சீரியல் நம்பரை அழுத்துங்கள் என்றார்கள். என் வீட்டில் இருப்பது வேறு கம்பெனி இன்வெர்ட்டர். சும்மா ஏதோ ஒரு எண்ணை அழுத்தினேன். தவறான எண் என்று சொல்லி அதுவே துண்டித்துக்கொண்டது. சீரியல் நம்பர் இல்லாதவர்கள் மனிதரோடு பேசுவதற்கு அதில் வழியே இல்லை.

ஆழ்வார்திருநகரி ஆசிரியரைத் திரும்பக் கூப்பிட்டேன். நான் படுகிற பாட்டைச் சொல்லி, அவருடைய இன்வெர்ட்டரின் சீரியல் நம்பரைக் கடனாகக் கேட்டேன். அவர் சந்தோஷமாகக் கொடுத்தார், தன் வேலையும் அதோடு முடிந்துவிடும் என்ற நம்பிக்கையில். அதை அழுத்தியதும் பாட்டு வந்தது. அந்தப் பாட்டு ஓய்ந்து கடைசியில் ஒரு பெண் குரல் வந்தது. எனக்கு இருந்த நிம்மதியில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அந்தப் பெண் இனிமையாகக் கேட்டுக்கொண்டாள்.

“உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம் மேடம். உங்கள் பகுதி சர்வீஸ் சென்டர்தான் இதைச் சரிசெய்ய முடியும். அந்த எண்ணைக் குறித்துக்கொள்கிறீர்களா?”

குறித்துக்கொள்கிறேன் என்றேன். அவள் நிறுத்தி நிதானமாக என் நம்பரைச் சொன்னாள்.

அது என்னுடைய நம்பர் என்றேன். ஆமாம் மேடம், உங்கள் பகுதிக்கான நம்பர்தான் என்றாள். வேறு ஏதாவது உதவி தேவையா என்று கேட்டாள். நான் வைத்துவிட்டேன்.

இந்த நம்பரையே விட்டுத் தொலைத்திருக்கலாமே என்று யாராவது கேட்கலாம். அதற்குள் ஆதார், வங்கி, கேஸ், பி.எஃப். எல்லாம் இந்த நம்பரோடு கட்டிப்போடப்பட்டிருந்தன. ஒவ்வொன்றையும் பழைய நம்பரிலிருந்து அவிழ்க்க ஒவ்வொரு இடத்தில் வரிசையில் நின்றிருந்தேன். மறுபடியும் அந்த வரிசைகளில் நிற்க எனக்குத் தெம்பில்லை. தெரியாத நம்பர்களை எடுக்காமல் இருக்கவும் முடியாது. லாரி டிரைவர்கள் எல்லோரும் தெரியாத நம்பர்கள்தான்.

ஆகவே பேச்சைக் குறைக்க ஒரு வழி கண்டுபிடித்தேன். ராங் நம்பர் என்று சொன்னால் சண்டைக்கு வருகிறார்கள். என்ன விளக்கு எரிகிறது என்று கேட்டால் சமாதானமாகிவிடுகிறார்கள். திரும்பத் திரும்பக் கேட்டதில் எனக்கும் கொஞ்சம் புரிந்துவிட்டது. இன்வெர்ட்டர் விட்டுவிட்டுக் கத்தினால் பேட்டரி இறங்கிவிட்டது, விடாமல் கத்தினால் அதன் தலையில் சுமை அதிகம். ஃபிரிட்ஜையும் மிக்ஸியையும் அதிலிருந்து கழற்றுங்கள், பின்னால் உள்ள சிவப்புப் பொத்தானை அழுத்திப் பாருங்கள் என்று சொல்லுவேன். பாதிப் பேருக்கு அதிலேயே சரியாகிவிடும். மற்றவர்களிடம், ஆள் அனுப்ப நான் கம்பெனி இல்லை, திருநெல்வேலியில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள் என்பேன்.

அந்த வருஷம் கார்த்திகையில் புயல் சின்னம் ஒன்று குமரிக்கடல் பக்கம் நகர்ந்தது. துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தார்கள். கிரேன்களை நிறுத்திவிட்டதால் என் வீட்டுக்காரருக்கு வேலை இல்லை, வீட்டில் இருந்தார். எங்கள் அலுவலகத்தில் பாதிப் பேர் வரவில்லை. நானும், கணக்குப் பார்க்கும் மணப்பாட்டு அண்ணனும் இன்னும் ஒன்றிரண்டு பேரும் மட்டும் இருந்தோம். அந்த அண்ணன் ஊரை விட்டு வந்து தூத்துக்குடியில் குடியேறிப் பல காலம் ஆனாலும், எங்களுக்கெல்லாம் அவர் மணப்பாட்டுக்காரர்தான். மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டு, சன்னல் கண்ணாடியில் மழை அறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது.

“இன்வெர்ட்டர் கம்பெனியா? மிசின் கத்திக்கிட்டே இருக்கு. ஆள அனுப்புங்க” என்றது ஒரு பெண்ணின் குரல்.

விட்டுவிட்டுக் கத்துதா, விடாமல் கத்துதா என்று பழக்கத்தில் கேட்டேன். விட்டுவிட்டு என்றாள். அவள் குரலுக்குப் பின்னால் அந்தச் சத்தம் எனக்கே கேட்டது. பேட்டரி இறங்கிவிட்டது, கரண்ட் வந்தால் தானாக ஏறிவிடும், நாங்கள் கம்பெனி இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.

“அப்பாவுக்கு ஆக்சிஜன் மிசின் இதுலதான்க்கா ஓடுது. காலையிலருந்து கரண்ட் இல்ல. இது நின்னுட்டா அப்பாவுக்கு மூச்சு இல்ல.”

எந்த ஊர் என்று கேட்டேன். மணப்பாடு என்றாள். அவளுடைய அப்பாவுக்கு நுரையீரல் கெட்டுப்போய்ப் பல மாதங்களாக வீட்டில் மெஷினோடுதான் இருக்கிறார். ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாயிற்று. திருச்செந்தூரிலிருந்து புறப்பட்டும்விட்டது. வழியில் மரம் விழுந்து, அதை அறுத்துக்கொண்டிருக்கிறார்களாம். அவசரத்துக்கு வைத்திருக்கும் சின்ன சிலிண்டர் ஒன்று இருக்கிறது, அதில் முள் பாதிக்கும் கீழே நிற்கிறது. அவள் அண்ணன் கப்பல் வேலைக்குப் போயிருக்கிறான். அவளும் அம்மாவும் மட்டும்தான் வீட்டில். எல்லாவற்றையும் அவள் அழாமல் சொன்னாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அந்த இன்வெர்ட்டரில் வேறு என்னென்ன ஓடுகிறது என்று கேட்டேன். ஃபேன், லைட், ஃபிரிட்ஜ் என்றாள். ஆக்சிஜன் மெஷினைத் தவிர எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னேன். அவள் போனைக் கீழே வைத்துவிட்டு ஓடுவது கேட்டது. கொஞ்ச நேரத்தில் அந்தக் கத்தல் நின்றது. அவள் திரும்பி வந்தாள். நின்றுவிட்டது அக்கா என்றாள். மெஷின் ஓடுகிறதா என்று கேட்டேன். ஓடுகிறது என்றாள். இது கொஞ்ச நேரம்தான் தாங்கும், நான் ஏதாவது ஏற்பாடு செய்கிறேன், போனில் சார்ஜைக் காப்பாற்றி வைத்துக்கொள் என்று சொல்லி வைத்தேன்.

என்ன ஏற்பாடு செய்வேன் என்று எனக்கே தெரியாது. கம்பெனி அனுப்புகிற ஆளை நம்பி அவள் போனை வைத்திருக்கிறாள். என்னிடம் இருப்பதோ ஒரு சிம் கார்டு. மணப்பாட்டு அண்ணன் அதற்குள் என் மேஜைக்கு வந்து நின்றிருந்தார். நான் பேசியதில் ஊர் பெயர் அவர் காதில் விழுந்திருக்கிறது. விஷயத்தைச் சொன்னேன். எந்தத் தெரு, அந்தப் பெண்ணின் அப்பா கப்பலில் வேலை பார்த்தவரா என்று கேட்டார். எனக்கு எதுவும் தெரியவில்லை. திரும்பக் கூப்பிட்டுக் கேட்டேன். ஆமாம், பழைய கப்பல்காரர்தான், வீடு இன்ன இடம் என்று அவள் சொன்னதும் அண்ணனுக்குப் புரிந்துவிட்டது.

“கோயில் திருநாளுக்கு மைக் செட் போடுதவன் அதே பக்கம்தான் இருக்கான். அவன்கிட்ட ஜெனரேட்டர் உண்டு தங்கச்சி” என்றார்.

அவருடைய மச்சானுக்கு முதலில் கூப்பிட்டார். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று வந்தது. மைக் செட்காரருக்கு நேரடியாகக் கூப்பிட்டார். மணி அடித்து அடித்து நின்றது. இரண்டாவது முறை அவருடைய மனைவி எடுத்தார். மைக் செட்காரர் கடற்கரைக்குப் போயிருக்கிறார். அலை ஏறி வருவதால் வள்ளங்களை மேட்டுக்கு இழுத்துப் போட எல்லா ஆண்களும் அங்கே நிற்கிறார்கள். அண்ணன் பதறாமல், ஒவ்வொரு சொல்லாக விஷயத்தைச் சொன்னார். கப்பல்கார வீடு, ஆக்சிஜன் மெஷின், ஜெனரேட்டர். அந்த அம்மாள் மறு பேச்சுப் பேசாமல், தானே போய்ச் சொல்லுவதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

அதன்பிறகு எங்களுக்குச் செய்ய ஒன்றுமில்லை. ஆம்புலன்ஸுக்குக் கூப்பிட்டு மரம் அறுத்தாயிற்றா என்று கேட்டேன். அறுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றார்கள். அந்த நேரத்திலும் என் போனுக்கு வேறு அழைப்புகள் வந்துகொண்டே இருந்தன. ஊரெல்லாம் கரண்ட் இல்லை, ஊரெல்லாம் இன்வெர்ட்டர் கத்துகிறது. ஒவ்வொரு முறை மணி அடிக்கும்போதும் அது அவளாக இருக்கும் என்று எடுப்பேன். சிவப்பு விளக்கு எரிகிறதே என்று யாரோ கேட்பார்கள். வைத்துவிடுங்கள், வைத்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். அன்றைக்கு எனக்கு எத்தனை பேர் ஒற்றை ஸ்டார் போட்டார்களோ தெரியாது.

அவள் கூப்பிட்டபோது அந்தக் கத்தல் மறுபடியும் கேட்டது. இப்போது இடைவெளி குறைந்து, அவசர அவசரமாக. ஆள் புறப்பட்டுவிட்டாரா என்று கேட்டாள். வருகிறார்கள், ஜெனரேட்டர் வருகிறது, சிலிண்டரைத் தயாராக வைத்துக்கொள் என்றேன். நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்தச் சத்தம் சட்டென்று நின்றது. “நின்னுட்டுக்கா” என்றாள். பிறகு அவள் குரலும் நின்றுவிட்டது. திரும்பக் கூப்பிட்டால், அந்த எண் தொடர்பில் இல்லை. டவரும் படுத்துவிட்டது.

மைக் செட்காரருக்கு, அவர் மனைவிக்கு, மச்சானுக்கு என்று அண்ணன் மாறி மாறிக் கூப்பிட்டார். ஒன்றும் போகவில்லை. ஊருக்கே தொடர்பு போய்விட்டது. அவர் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்தார். ஜெபம் சொல்கிறார் என்று தெரிந்தது. எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் வேடிக்கை எதுவும் பேசவில்லை. நான் வரட்டுமா என்று மட்டும் கேட்டார். வந்து என்ன செய்வது என்றேன். “சும்மா ஒன் பக்கத்துல இருக்கேன்” என்றார். அந்த மழையில் பைக்கில் கிளம்பி வரவும் செய்தார். நனைந்து சொட்டச் சொட்ட வந்து, என் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத் தெரியாது. அலுவலகத்தில் டீ வந்தது. யாரும் குடிக்கவில்லை. ஏடு படிந்து ஆறிப்போன பிறகுதான் போன் அடித்தது. தெரியாத நம்பர். இன்னொரு இன்வெர்ட்டராக இருக்கும் என்று நினைத்து எடுத்தேன். காதுக்குள் லாரி ஓடுவது போல ஒரே இரைச்சல். யாரோ கத்தினார்கள், என்ன என்று புரியவில்லை. பிறகு இரைச்சல் கொஞ்சம் தள்ளிப் போனது.

“ஓடுதுக்கா. ஜெனரேட்டர்ல மிசின் ஓடுது. அப்பா முழிச்சுப் பாக்குதாவ.”

அவளேதான். யாரோ ஒருவருடைய வேறு கம்பெனி போனில், அவர்கள் வீட்டு மாடியில் நின்று பேசினாள். இப்போதுதான் அவள் அழுதாள். நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். அண்ணனிடம் போனைக் கொடுத்தேன். அவர் கேட்டுவிட்டு, சரிம்மா, சரிம்மா என்று மட்டும் சொன்னார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். ஆறிப்போன டீயை நாங்கள் எல்லோரும் அப்படியே எடுத்துக் குடித்தோம். அது நன்றாகத்தான் இருந்தது.

நடந்ததைப் பிறகு சொன்னார்கள். மைக் செட்காரரின் மனைவி மழையில் கடற்கரைக்கே ஓடியிருக்கிறார். வள்ளத்தை இழுத்துக்கொண்டிருந்தவர்களில் சிலர் அதை விட்டுவிட்டு வந்து, ஜெனரேட்டரை லோடு ஆட்டோவில் ஏற்றியிருக்கிறார்கள். தெருவில் தண்ணீர் நின்றதால் ஆட்டோ பாதியில் நின்றுவிட்டது. மிச்ச தூரம் தோளில் தூக்கி வந்திருக்கிறார்கள். அப்போது சிலிண்டரின் முள் அடியைத் தொட்டிருக்கிறது. சாயங்காலத்துக்குள் மரத்தை அகற்றி ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் அவரைச் சில நாள் வைத்திருந்து, ஊரில் கரண்ட் சீரான பிறகு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு எனக்கு நிம்மதி வந்தாலும், கூடவே ஒரு நடுக்கமும் ஒட்டிக்கொண்டது. குளித்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தால் ஈரத்தோடு ஓடி வருவேன். இன்னொரு வீட்டில் இன்னொரு மெஷின் நின்றுகொண்டிருக்குமோ என்று இருக்கும். இந்தப் பொறுப்பை நான் கேட்டு வாங்கவில்லை. இதற்கு ஆள் நான் இல்லை.

கடைசியில் வழி பிறந்தது அந்த மணப்பாட்டுப் பெண்ணால்தான். அவள் கம்பெனிக்கு விடாமல் எழுதி, திருநெல்வேலியிலிருந்து ஒரு இன்ஜினியரை வரவழைத்துவிட்டாள். அவர் பேட்டரியை மாற்றிக்கொண்டிருந்தபோது, உங்கள் கஸ்டமர் கேர் அக்கா மட்டும் இல்லையென்றால் என் அப்பா இல்லை என்று அவள் சொல்லியிருக்கிறாள். தூத்துக்குடியில் எங்களுக்கு சர்வீஸ் சென்டரே இல்லையே என்று அவர் குழம்பிப்போய், அங்கிருந்தே என்னைக் கூப்பிட்டார். மேடம், நீங்கள் எந்தக் கிளையில் இருக்கிறீர்கள் என்று மிகவும் பணிவாகக் கேட்டார்.

அவரிடம் முதலிலிருந்து சொன்னேன். சீரியல் நம்பரை அழுத்தாமல், பாட்டுக் கேட்காமல், ஒரு மனிதரிடம் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவர், “இத்தன நாளா எங்க போன நீங்களா எடுத்துக்கிட்டு இருந்தீங்க?” என்று மெதுவாகக் கேட்டார்.

எல்லாவற்றையும் சரிசெய்து தருவதாக வாக்குக் கொடுத்தார், செய்யவும் செய்தார். கடையை மூடிய டீலர் இப்போது கோயம்புத்தூர் பக்கம் இருக்கிறாராம். அவரைத் தேடிப் பிடித்து, இணையத்தில் இருந்த பக்கத்தை அவர் கையாலேயே எடுக்க வைத்தார். கட்டணமில்லா நம்பரில் பேசுகிறவர்கள் சொல்லும் எண்ணையும் மாற்ற வைத்தார். ஆக்சிஜன் மெஷின் வைத்திருப்பவர்கள் அவசரத்துக்குக் கூப்பிட என்று தன் சொந்த நம்பரை என்னிடம் கொடுத்தார். ஸ்டிக்கரைப் பார்த்துக் கூப்பிடுகிறவர்கள் இன்னும் உண்டு. அவர்களுக்குச் சரியான நம்பரைச் சொல்லிவிடுவேன். முதலில் போன்கள் பாதியாகக் குறைந்தன. பிறகு ஒரு முழு நாள் லாரி டிரைவர்கள் மட்டுமே கூப்பிட்டார்கள். அன்று சாயங்காலம் அதை நினைத்துப் பார்த்தபோது, முதுகிலிருந்து அரிசி மூட்டையை இறக்கி வைத்தது போல இருந்தது.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருச்செந்தூர் போன நாங்கள் அப்படியே மணப்பாட்டுக்கும் போனோம். அந்தப் பெண் வாசலிலேயே நின்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் நினைத்ததைவிட இளையவள். அவள் அப்பா முன்னறையில் சாய்வு நாற்காலியில், மூக்கில் குழாயோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மெஷின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. மகள் என்னைக் காட்டி, அன்றைக்குப் போனில் பேசியது இவர்தான் என்றாள். நான் கம்பெனிக்காரி இல்லை என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது, அல்லது சொல்லியும் அவர் நம்பவில்லை.

“வாங்கம்மா, நல்ல நேரத்துக்கு வந்தீய. இந்த டி.வி.யில பாதிச் சேனலக் காணல. போன் போட்டா அத அமுக்கு, இத அமுக்குங்கான். நீங்க கொஞ்சம் பாருங்க” என்றார்.

என் வீட்டுக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ரிமோட்டை வாங்கினார். அவர் ஒவ்வொன்றாக அமுக்கிக்கொண்டிருக்க, பெரியவர் எங்களுக்குத் தன் புகார்களை விரிவாகச் சொன்னார். செய்திச் சேனல் போனது, வால்வ் ரேடியோ இருந்த கப்பலில்கூட இதைவிடத் தெளிவாகக் கேட்டது, சர்வீஸுக்கு வந்தவன் பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனது என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. மகள் இரண்டு முறை, அப்பா போதும், மூச்சு வாங்கும் என்றாள். அவருக்கு மூச்சு வாங்கவில்லை. உள்ளே மீன் குழம்பு கொதிக்கும் வாசம் வந்தது. சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று அவள் அம்மா சொல்லிவிட்டுப் போனார். நான் பெரியவர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அவர் சொன்ன அத்தனை புகாரையும் கேட்டேன். அவர் நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருந்தார்.